இஸ்ஃபஹானில் மீதி இருபது தூண்கள்

போன சனிக்கிழமை ஒரு கம்பளக் கிடங்கில் நின்று அழுதேன், அண்ணை. நாற்பத்து மூன்று வயது, வழுக்கை, கையில் குடை. இந்தக் கோலத்தில் ஒரு மனிதன் விசும்பினால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? கிடங்குக்காரர் ஈரானியர். விலைச் சீட்டைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று நினைத்து உடனே குறைத்தார். எனக்கு அழுகை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் குறைத்தார். கடைசியில் எனக்கு வேண்டவே வேண்டாத ஒரு கம்பளத்தைத் தோளில் சுமந்துகொண்டு ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். அடுத்து குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போகும்போதும் என்னைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும் என்று என் மனைவி முடிவு செய்திருக்கிறாள்.

நான் கம்பளம் வாங்கப் போனவனே அல்ல. ஹம்பேர்க் துறைமுகத்தின் பழைய கிடங்குத் தெருவில் மழைக்கு ஒதுங்கினேன். உள்ளே ஆட்டு ரோமமும் அந்துருண்டையும் கலந்த ஒரு வாசனை. அந்த மனிதர் ஒரு சுருளை எட்டி உதைத்து விரித்துவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் சொன்னார்: இஸ்ஃபஹான். அவ்வளவுதான். கண் கலங்கிவிட்டது.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. உங்கள் காரியத்தன்று நான் அழவில்லை. ஹம், கெல்சென்கிர்ச்சன் என்று தூரத்து ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினேன், கோட்டுகளை வாங்கி மாட்டினேன், நாற்காலி போட்டேன். கல்யாண வீட்டுச் சமையற்காரன் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தால் துக்கம் பிடிக்காது என்று ஒரு எண்ணம். அது மூன்று மாதம் பொறுத்திருந்து கம்பளக் கிடங்கில் வந்து பிடித்தது.

பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் இருக்குமா அந்தப் பயணம் நடந்து? நீங்கள் யாழ்ப்பாணத்தார், நான் தஞ்சாவூர்க்காரன். ஹம்பேர்க்கில் அப்போது தமிழ் பேச ஆள் தேடுவது வைக்கோற்போரில் மூக்குத்தி தேடுவதுபோல. ஆகவே பிடித்ததோ பிடிக்கவில்லையோ, நாம் இருவரும் நண்பர்களாகத்தான் ஆகவேண்டும். நான் பல்கலைக்கழகத்தில் பசை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மூன்று வருடமாக ஒட்டாத ஒரு பசையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் இன்னும் பொருத்தம். நீங்கள் ஒரு கப்பல் கம்பனியில் கணக்கெழுதினீர்கள். அது மூடப்பட்டதும் வேலை போனது. வெளிநாட்டார் காவல் அலுவலகத்தில் செப்டம்பர் முடிவுவரைதான் தங்க அனுமதி என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். நிரந்தர வேலைக்கான கடிதம் ஒன்றைச் சேர்த்து அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டால் நீட்டித் தருவார்கள். இல்லாவிட்டால் கப்பலேற வேண்டியதுதான். பிறகு நான் அக்கா என்று அழைக்கப்போகிறவரோடு ஊரில் உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நாள் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. மூன்றாம் தடவை தள்ளினால் பெண் வீட்டார் வேறு இடம் பார்ப்பார்கள் என்று உங்கள் தகப்பனார் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நீங்கள் எனக்குக் காட்டவில்லை. நானே எடுத்துப் படித்தேன். இப்போது சொல்கிறேன், மன்னிக்கவும்.

அந்த நேரத்தில்தான் ஒரு சுற்றுலாக் கம்பனிக்குக் குமாஸ்தா வேலை கேட்டுப் போனீர்கள். அவர்களோ, தங்கள் ஈரான் பயணத்துக்கு ஈரானிய மாணவன் ஒருவன் வழிகாட்டியாக வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் நின்றுவிட்டதால் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியம்மா உங்கள் நிறத்தைப் பார்த்தாராம். சுவரிலிருந்த உலகப் படத்தைப் பார்த்தாராம். சிலோனுக்கும் பாரசீகத்துக்கும் நடுவில் நாலு விரல்தான் இருந்தது. உங்களுக்குப் பாரசீகம் தெரியுமா என்று கேட்டார். நன்றாகத் தெரியும் என்றீர்கள். பயணிகள் திருப்தியாகத் திரும்பி வந்தால் நிரந்தர வேலை, கடிதம் எல்லாம் தருவதாக அவர் சொல்ல, நீங்கள் நேரே நகர நூலகத்துக்கு ஓடினீர்கள். இரண்டு வாரம். பரீட்சைக்குப் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை எப்படிப் படிக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். அரசர்கள், ஆண்ட காலம், குவிமாடத்தின் உயரம், எல்லாம் மனப்பாடம். குளிக்கும்போதும் முணுமுணுப்பு.

பெட்டி தூக்கவும் காப்பி காய்ச்சவும் ஒரு உதவியாள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள். ஆய்வுக்கூடத்தில் விடுப்புக் கேட்டபோது பேராசிரியர் சந்தோஷமாகவே கொடுத்தார். அது கொஞ்சம் மனதைப் புண்படுத்தியது.

முப்பத்தொரு பேர். எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். பேருந்தில் யூகோஸ்லாவியா, துருக்கி என்று உருண்டு தப்ரீஸ் போய்ச் சேர்வதற்குள் எனக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பெயர் வரைக்கும் தெரிந்துவிட்டது. யார் யாரோடு பேசுவதில்லை, யார் குறட்டை, யார் அடுத்தவர் ஜாமைத் தொடுகிறார் என்பதெல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். இரண்டு பேரை மட்டும் நினைவூட்டுகிறேன். ஒருவர் ஃபிராவ் ஹான்சன். எழுபது வயது விதவை, ஜன்னலோர ஆசனம், எதற்கும் சிரிப்பவர். மற்றவர் ஹெர் லூடர்ஸ்; வரி அலுவலகத்தில் நாற்பது வருடம் இருந்தவர். நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி, பிறகு பேருந்தைவிட்டு இறங்கி எண்ணிச் சரிபார்ப்பார். தப்ரீஸில் ஒரு மசூதி வாசலின் படிகளை அவர் எண்ணியதை நான் பார்த்தேன். உங்கள் எண்ணிக்கை சரியாக இருந்தது. அது எப்படி என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நீங்கள் விடிய நாலரைக்கு எழும்பி, நூலகப் புத்தகத்திலிருந்து வரைந்தெடுத்த படத்தோடு அன்றைய பாதை முழுவதையும் ஒருமுறை தனியாக நடந்துவிட்டு, காலை ரொட்டிக்குத் திரும்பி வருவீர்கள். பிறகு முப்பத்தொரு பேரையும் கூட்டிக்கொண்டு, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்போல நடப்பீர்கள். செம்பு தட்டுகிறவர்கள் தெரு இதோ வருகிறது என்பீர்கள். திரும்பினால் தெரு வரும். ஆனால் யாராவது ஏதாவது கேட்டால் ஒதுங்கி நின்று பதில் சொல்லும் அந்தப் பழைய குமாஸ்தாவின் பணிவு மட்டும் மாறவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தவன் நான்.

இஸ்ஃபஹான் போன அன்று மாலை எனக்கு ரசம் குடிக்க வேண்டும்போல இருந்தது. மூன்று வாரமாக ரொட்டி, வெண்ணெய், ஆட்டிறைச்சி. பேருந்தின் சின்ன அடுப்பில், சந்தையில் வாங்கிய ஏதோ ஒரு புளிப்பான காய்ந்த பழத்தைக் கரைத்து, கையிலிருந்த மிளகைத் தட்டிப் போட்டு ஒன்று வைத்தேன். நீங்கள் இரண்டு கோப்பை குடித்தீர்கள். நான் செய்தவன் என்பதால் ருசி பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். மறுநாள் நாலரைக்கு நீங்கள் எழும்பினீர்கள்தான், ஆனால் தெருவுக்கு அல்ல. எட்டு மணிக்கு முகம் வெளிறிக் கட்டிலில் கிடந்தீர்கள். உங்கள் குறிப்புக் கொப்பியை என்னிடம் நீட்டி, இதில் உள்ளதை மட்டும் வாசித்துக் காட்டும், ஒரு சொல்லும் கூடச் சொல்லாதையும் என்றீர்கள். கொப்பியை வாங்கினேன். வாங்கி, என் பெட்டியில் வைத்துவிட்டுப் போனேன்.

ஏன் என்று நீங்கள் அப்போதே கேட்டீர்கள். உண்மை என்னவென்றால், மூன்று வாரம் பெட்டி தூக்கியவனுக்கு ஒருநாள் ராஜபார்ட் வேஷம் கிடைத்தது. தாளைப் பார்த்து வாசிக்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

பெரிய சதுக்கத்தில் தப்பித்தேன். நீல ஓடு பதித்த மசூதிக்கு முன் நின்றபோது வாய் தானாகத் திறந்தது. இந்தக் குவிமாடத்தின் நிழல் தரையில் விழாது என்றேன். எங்கள் ஊர்ப் பெரிய கோயிலைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. எடுத்து அப்படியே இங்கே வைத்துவிட்டேன். ஹெர் லூடர்ஸ் எழுதிக்கொண்டார். பிறகு நாற்பது தூண் அரண்மனை. பெயரே அதுதான். தோட்டத்து நடுவில் ஒரு மண்டபம், ஒல்லியான உயரமான மரத்தூண்கள். அவர் எண்ணினார். திரும்ப எண்ணினார். இருபதுதான் இருக்கின்றன, மீதி இருபது எங்கே என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை, அண்ணை. பிரிட்டிஷ்காரர்கள் லண்டனுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். நம்மைப்போல வளர்ந்தவனுக்கு எது காணாமல் போனாலும் முதலில் வருகிற பதில் அது. லண்டன் அருங்காட்சியகத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன், அங்கே தூண்கள் இல்லையே என்றார். இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை என்றேன். முப்பது பேர் சிரித்தார்கள். அவர் குறிப்புப் புத்தகத்தை மூடினார். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. இன்று மாலையே கம்பனிக்கு எழுதப்போவதாக நிதானமாகச் சொன்னார்.

விடுதிக்குத் திரும்பி உங்களிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நீங்கள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள்.

"ஐசே, அந்த மிச்ச இருபதும் தண்ணிக்குள்ளை நிக்குது. மண்டபத்துக்கு முன்னாலை நீளக் குளம். இருபது மேலை, இருபது நிழல். அதாலைதான் நாப்பது. கொப்பியிலை முதல் வரியே அதுதான்."

"குளத்துல தண்ணி இல்லையே அண்ணை. ரெண்டு பேரு உள்ளே இறங்கிப் பூசிக்கிட்டு இருந்தாங்க."

இதற்குத்தான் கண்ணைத் திறந்தீர்கள். புத்தகத்தில் குளத்தைக் கழுவிப் பூசுகிற மாதம் எழுதியிருக்கவில்லை. நாலரைக்கு நடந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். செப்டம்பர் முடிவு, கப்பல், உங்கள் தகப்பனாரின் கடிதம் எல்லாம் அந்த அறையில் நம்மோடு உட்கார்ந்திருந்தன. நான்தான் உங்களைக் கப்பலேற்றுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு, சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டீர்கள்.

"உங்கடை ஊரிலை கிரகணம் எப்பிடிப் பாக்கிறனீங்கள்?"

தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, மஞ்சளையோ சாணியையோ கரைத்துவிட்டு, அதற்குள் சூரியனைப் பார்ப்போம் என்றேன். சும்மா தண்ணீர் போதாது, இருட்டாக இருந்தால்தான் தெரியும் என்றும் சொன்னேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். காய்ச்சல் பிதற்றல் என்றே நான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஷிராஸுக்குப் புறப்பட வேண்டும். பேருந்து ஓட்டுநரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி முன்னால் எழுந்து நின்றீர்கள். ஜெர்மனில் நீங்கள் பேசியதை நான் தமிழில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். நேற்று இவர் சொன்ன நிழல் கதை இவருடைய ஊர்க் கோயிலின் கதை. அங்கேயும் நிழல் விழும். லண்டன் கதைக்கு ஊரே கிடையாது. அதற்காக வருத்தம் கேட்கிறேன் என்றீர்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் உங்கள் கோட்டைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் கையைத் தட்டிவிட்டு, இன்னொன்றையும் சொன்னீர்கள்: இந்த நாட்டுக்கு நானும் உங்களோடுதான் முதல்முறை வந்திருக்கிறேன்.

முடிந்தது என்று நினைத்தேன். அப்போது ஃபிராவ் ஹான்சன் சிரிக்கத் தொடங்கினார். தப்ரீஸிலிருந்து ஒவ்வொரு விடியற்காலையும் இவர் தாளைப் பிடித்துக்கொண்டு தெருவில் போவதை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், தொழுகைக்குப் போகிறார் என்றல்லவா நினைத்தேன் என்றார். எனக்குத் தூக்கம் வராது, உங்களுக்கு ஏன் வரவில்லை என்று இப்போதுதான் புரிகிறது என்றார். பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: செம்புத் தெருவும் அப்படித்தானா? அதுவும் அப்படித்தான் என்றீர்கள். ஹெர் லூடர்ஸ் எழுதி முடித்த உறை மட்டும் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. முனை வெளியே தெரிந்தது.

அரண்மனைத் தோட்டத்தில் என்னை ஒரு தேநீர்க் கடைக்கு அனுப்பினீர்கள். அந்தக் கடைக்காரரிடம் கையாலும் காலாலும் பேசி, ஒரு பெரிய வட்டத் தாம்பாளத்தையும் கெண்டி நிறையக் கறுப்புத் தேநீரையும் வாங்கினேன். கூடவே அவரும் வந்தார். இந்தப் பைத்தியங்கள் என்ன செய்யப்போகின்றன என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. காய்ந்த குளத்தின் விளிம்பில், மண்டபத்துக்கு நேர் எதிரே தாம்பாளத்தை வைத்தோம். தேநீரை ஊற்றினேன். பூச்சு வேலைக்காரர்கள் இருவரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். நீங்கள் முழங்காலிட்டு, தலையைச் சாய்த்து, தாம்பாளத்தை அரை விரல் நகர்த்தினீர்கள். பிறகு எழுந்து, முதல் ஆளைக் கூப்பிட்டீர்கள்.

வரிசையில் நிற்பதில் ஜெர்மானியர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ஒரு பல் வைத்தியர், ஒரு பேக்கரிக்காரரும் மனைவியும், ஒருவர் பின் ஒருவராக வந்து, மூட்டுகள் முறிகிற சத்தத்தோடு குனிந்து, தேநீருக்குள் பார்த்தார்கள். பார்த்து எழுந்த முகங்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரகணம் பார்த்துவிட்டு நிமிர்கிற முகம் எப்படி இருக்கும், அதேதான். சின்னப் பிள்ளையின் வாய்போலத் திறந்திருக்கும். ஃபிராவ் ஹான்சன் இரண்டாம் தடவை வரிசையில் நின்றார்.

கடைசியாக ஹெர் லூடர்ஸ். கைக்குட்டையை நாலாக மடித்து முழங்காலுக்குக் கீழே போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். குனிந்தார். எண்ணத் தொடங்கினார், வாய்விட்டு, வரி அலுவலகக் குரலில். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தீர்கள். பத்து. பதினொன்று. உங்கள் நகம் பதிந்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அவர் எழுந்து, மண்டபத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், நாற்பது என்றார். குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். சட்டைப் பையிலிருந்த உறையை எடுத்து இரண்டாகக் கிழித்து, குப்பை போட இடம் தேடி, கிடைக்காமல், என் கையில் கொடுத்தார்.

ஷிராஸ் பக்கத்துப் பெர்சிபொலிஸ் இடிபாடுகளில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. பெரிய படிக்கட்டு ஓரச் சுவரில், அரசனுக்குக் காணிக்கை கொண்டுவரும் நாடுகளின் வரிசை செதுக்கியிருந்தது. புத்தகத்தில் படித்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த நீங்கள், ஓரிடத்தில் நின்றுவிட்டீர்கள். வேட்டி கட்டிய ஒருவன், மேலே துணியில்லை, தோளில் ஒரு கழி, இரு பக்கமும் கூடை. பக்கத்தில் ஒரு கழுதை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று புத்தகம் சொன்னதாம். நீங்கள் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னீர்கள்: "காவடியோடை வந்து நிக்கிறான், பாரும். எங்கடை ஆள்." முப்பத்தொரு பேரும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். நம் இருவரையும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்தார்கள். கழுதைப் பக்கம் நின்றது நான்.

ஹம்பேர்க் திரும்பியதும் பயணிகள் ஆளுக்கொரு கருத்துப் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். ஹெர் லூடர்ஸ் எழுதியதை முதலாளியம்மா உங்களுக்கு வாசித்துக் காட்டினாராம். இந்த வழிகாட்டி இந்த நாட்டுக்குப் புதியவர். ஆகவே அடுத்த வருடமும் இவரையே அனுப்பவும், பழகிவிடுவார். உதவியாளருக்கு ஐந்து மதிப்பெண் போட்டிருந்தார். ஜெர்மன் பள்ளிக்கூட வழக்கத்தில் ஐந்து என்றால் தேறவில்லை என்று அர்த்தம். கடிதம் கிடைத்தது, அனுமதி நீண்டது, கல்யாண நாள் தள்ளிப்போகவில்லை. அக்கா வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் நானும் நின்றேன். என்னைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருப்பீர்கள் போலிருக்கிறது. முதல் கேள்வியே, ரசம் வைத்தவர் இவரோ என்பதுதான்.

அதன்பிறகு எத்தனை வருடம் போனீர்கள் அந்த ஊர்களுக்கு. ஒவ்வொரு தடவையும் நாலரைக்கு எழும்புவதை விடவில்லை என்று அக்கா சொன்னார். எல்லாம் தெரிந்த பிறகு ஏன் என்று கேட்டாராம். போன வருஷம் இருந்த தண்ணி இந்த வருஷம் இருக்குமோ எண்டு யாருக்குத் தெரியும் என்றீர்களாம். உங்கள் மகளுக்கு இப்போது பத்து வயது. போன மாதம் என்னை ஹம்பேர்க் நகர மண்டபத்தைச் சுற்றிக் காட்டப்போவதாகச் சொல்லி அழைத்துப்போனாள். ஒரு கேள்வி கேட்டேன். தெரியாது மாமா, நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் தொலைபேசியில் சொன்னாள்.

எனக்கும் அது கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் கேட்கிற கேள்விக்குத் தெரியாது என்று முதல்முறை சொன்னபோது அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். அதற்குப் பிறகுதான் பட்டம் வந்தது. தெரியாது என்ற சொல்லை நான் இன்னும் சிரமப்பட்டுத்தான் சொல்கிறேன். பிரிட்டிஷ்காரர்கள் இன்னும் நுனி நாக்கில் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன், அண்ணை. அன்று எல்லாரும் பேருந்துக்குப் போன பிறகு, தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுக்க எடுக்குமுன், ஹெர் லூடர்ஸ் இருபது எண்ணிய அதே இடத்தில் நானும் குனிந்து பார்த்தேன். எந்தப் பக்கம் தலையைச் சாய்த்தாலும் அதில் ஆறு தூண்தான் தெரிந்தது.